அலுமினியம் பாகத்தில் விரிசல்: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

விரிசல் விட்ட அலுமினியம் பாகம் கைக்கு வந்ததும் பெரும்பாலோர் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். விரிசலின் மேலேயே வெல்டிங் போடுகிறார்கள், அல்லது இன்னும் வலிமையான கலவையில் அதே பாகத்தைப் புதிதாகச் செய்கிறார்கள். பல நேரங்களில் இரண்டுமே அதே இடத்தில் மீண்டும் உடைவதில்தான் முடிகின்றன. அட்டவணையில் இருக்கும் வலிமை ஒரே முறை இழுத்துப் பார்த்த வலிமை. பாகமோ இலட்சக்கணக்கான முறை அசைந்து, களைப்பு எனப்படும் முறையில் உடைந்திருக்கிறது. இவை இரண்டும் வேறு வேறு கேள்விகள். அதனால் கலவையின் பெயரைத் தேடுவதற்கு முன், விரிசல் எங்கே தொடங்கியது, எப்படி வளர்ந்தது என்று பார்க்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. இதில் வரும் 6061 போன்ற எண் கலவையின் பெயர், டி6 என்பது சூட்டுமுறையால் வலிமையேற்றிய நிலை. தகைவு என்பது குறிப்பிட்ட பரப்பின் மேல் வரும் விசை, அதை மெகாபாஸ்கலில் அளக்கிறார்கள். 6061-டி6 கலவை ஏறக்குறைய 276 மெகாபாஸ்கலில் நிரந்தரமாக வளையத் தொடங்கி 310-ல் அறுகிறது. அதே கலவையின் வழவழப்பான சோதனைத் துண்டு, முன்னும் பின்னுமாக மாறி மாறி வரும் சுமையை 50 கோடி சுற்றுகள் தாங்க வேண்டுமானால் தகைவு சுமார் 97 மெகாபாஸ்கலுக்குள் இருக்க வேண்டும். 7075-டி6 கலவைக்கு இந்த எண்கள் 503, 572, 159. பல எஃகு வகைகளுக்கு ஓர் எல்லைத் தகைவு உண்டு. அதற்குக் கீழே எத்தனை முறை அசைத்தாலும் உடையாது. அலுமினியத்துக்கு அத்தகைய எல்லை கிடையாது. சிறிய சுமையும் போதுமான முறை வந்தால் கணக்கைத் தீர்த்துவிடும். மேலே சொன்னவையும் பளபளப்பாகத் தேய்த்த துண்டுகளில் கிடைத்த எண்களே. ஒரு துளை, ஒரு கீறல், ஒரு வெல்டிங் வந்துவிட்டால் 7075-ன் கூடுதல் வலிமையில் பெரும்பகுதி களைப்புக்கு எதிராக உதவாமல் போகிறது.

வேலையைத் தொடங்கும் முன் ஒரு வேண்டுகோள். உடைந்த முகங்களை ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்காதீர்கள், கம்பித் தூரிகையால் தேய்க்காதீர்கள். அந்த முகங்களில்தான் முழு வரலாறும் பதிந்திருக்கிறது. ஒரு முறை உரசினாலே பாதி அழிந்துவிடும். முதலில் பக்கவாட்டு வெளிச்சத்தில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மனிதர்களைச் சுமக்கும் பாகமாக இருந்தால், காரணம் தெரியும்வரை அதைப் பயன்பாட்டிலிருந்து விலக்கி வையுங்கள். விமானப் பாகம் என்றால் உரிமம் பெற்றவரும் உற்பத்தியாளரின் பழுதுநீக்கக் கையேடும் இல்லாமல் எதையும் தொடக் கூடாது.

உடைந்த முகத்தைப் படிப்பது

தட்டையாக, ஓரளவு வழவழப்பாக ஒரு பகுதி. அதில் வளைவான கோடுகள். அவையெல்லாம் ஒரு புள்ளியை மையமாகக் கொண்டு விரிகின்றன. இது களைப்பு விரிசல். கோடுகள் சுருங்கிச் சேரும் இடமே தொடக்கம். மீதிப் பகுதி சாம்பல் நிறத்தில் சொரசொரப்பாகவும், ஓரங்களில் 45 பாகைச் சாய்வோடும் இருக்கும். அது கடைசி நொடியில் அறுந்த பகுதி. கடைசிப் பகுதி சிறியதாக இருந்தால், சுமை குறைவாக இருந்தும் விரிசல் நெடுங்காலம் பொறுமையாக வளர்ந்திருக்கிறது. அது முகத்தின் பெரும்பகுதியாக இருந்தால் சுமையே அதிகம். விளிம்பில் சிறுசிறு படிகள் தெரிந்தால் பல இடங்களில் ஒரே நேரத்தில் விரிசல் தொடங்கியிருக்கிறது. அந்த இடத்தில் தகைவு கடுமையாகக் குவிகிறது என்று பொருள்.

சுமை மாறும்போதும் இயந்திரம் நின்று ஓடும்போதும்தான் இந்த வளைவுக் கோடுகள் உண்டாகின்றன. ஒரே சீரான சுமையில் இடைவிடாமல் ஓடிய பாகத்தில் அவை கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். ஆகவே கோடு இல்லை என்பதால் களைப்பு இல்லை என்று முடிவு கட்டிவிட வேண்டாம். ஒவ்வொரு சுற்றும் விட்டுச்செல்லும் நுண்வரிகளைப் பார்க்க மின்னணு நுண்ணோக்கி வேண்டும்.

முகம் முழுவதும் சொரசொரப்பாக இருந்து, பாகமும் கண்ணுக்குத் தெரியும்படி வளைந்திருந்தால் அது ஒரே அடியில் வந்த மிகைச்சுமை. வளைவே இல்லாமல், விரிசல் கிளை கிளையாகப் பிரிந்து, உள்ளே அரிப்புத் தூள் படிந்திருந்தால் கீழே "யாரும் அசைக்காதபோதே விரிசல்" என்ற பகுதிக்குப் போங்கள்.

வெல்டிங் ஓரத்தை ஒட்டி ஓடும் விரிசல்

எல்லாவற்றிலும் மிகுதியாகக் காணப்படுவது இதுதான். வெல்டிங் வரி தகட்டைத் தொடும் ஓரத்தில் மூன்று தொல்லைகள் ஒன்றுசேர்கின்றன. வடிவம் திடீரென மாறுவதால் தகைவு குவிகிறது. குளிர்ந்து சுருங்கிய வெல்டிங் அந்த இடத்தை ஏற்கெனவே இழுத்துப் பிடித்திருக்கிறது. அதோடு பக்கத்து உலோகம் சூட்டில் மென்மையாகிவிட்டது. 6061-டி6 தகட்டில் வெல்டிங்கிலிருந்து ஏறக்குறைய 25 மில்லிமீட்டர் வரை இந்த மென்மை பரவும். 310 மெகாபாஸ்கல் தாங்கிய தகடு, இணைப்பில் 165 அளவுக்கு இறங்கிவிடுகிறது.

இந்த இடத்தில்தான் "வலிமையான கலவை போடலாம்" என்ற எண்ணம் தவறிப்போகிறது. யூரோகோடு 9 (அலுமினியக் கட்டமைப்புகளுக்கான ஐரோப்பிய விதித்தொகுப்பு) போன்ற வடிவமைப்பு விதிகளில் வெல்டிங் இணைப்பின் களைப்புத் தரத்தை முதன்மையாக முடிவு செய்வது இணைப்பின் வடிவம். தாய் உலோகத்தின் வலிமை அன்று. விரிசல் தொடங்கும் ஓரத்தின் வடிவம் எந்தக் கலவையிலும் அதேதான்.

பழுது நீக்க, விரிசலை முழுவதுமாகக் குடைந்து எடுங்கள். எடுத்து முடித்தோமா என்பதைக் கண்ணை நம்பித் தீர்மானிக்காமல், ஊடுருவும் சாயம் (நுண்விரிசலுக்குள் புகுந்து அதைக் காட்டிக்கொடுக்கும் திரவம்) பூசிச் சோதியுங்கள். அடியில் ஒரு மில்லிமீட்டர் விரிசலை விட்டுவிட்டு மேலே வெல்டிங் போட்டால், அந்த விரிசலை மூடி வைத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். மீண்டும் வெல்டிங் செய்தபின் ஓரத்தை மெதுவான வளைவாகத் தேயுங்கள். தேய்த்த கோடுகள் தகைவு ஓடும் திசையிலேயே இருக்கட்டும். குறுக்கே விழுந்த ஒவ்வொரு கிரைண்டர் கோடும் அடுத்த விரிசலுக்கு ஒரு வாசல்.

இவையெல்லாம் செய்தும் தகைவு குறையவில்லை என்றால் விரிசல் திரும்ப வரும். இதில் ஊக்கம் தரும் ஒரு கணக்கு உண்டு. வெல்டிங் இணைப்பின் ஆயுள் தகைவின் மூன்றாம் அடுக்கு அல்லது அதற்கும் மேலான அடுக்கைப் பொறுத்து மாறுகிறது. தகைவை 20 சதவீதம் குறைத்தாலே ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும். பாதியாகக் குறைத்தால் எட்டு மடங்கோ அதற்கு மேலோ கூடும். வலுப்பட்டையின் முனையை முரட்டுத்தனமாக வெட்டி நிறுத்தாமல் சரிவாக மெலியவிடுவது, வெல்டிங் முடியும் இடத்தை வளைவு மிகுதியாக வரும் பகுதியிலிருந்து நகர்த்துவது ஆகியவை இதைத்தான் செய்கின்றன. ஒரு நாள் உட்கார்ந்து யோசிக்க வேண்டிய இடம் இதுவே.

இழந்த வலிமையைச் சூடுகொடுத்துத் திரும்பப் பெற முடியாதா என்று கேட்கலாம். 6061 பாகம் முழுவதையும் 530 டிகிரி அளவில் வைத்து, நீரில் வேகமாகக் குளிர்வித்து, பிறகு 175 டிகிரிக்கு அருகே எட்டு மணி நேரம் முதிர்விக்க வேண்டும். பாகம் கோணிப் போகும் ஆபத்து பெரிது. வெல்டிங்கில் உருக்கிச் சேர்க்கும் நிரப்புக் கம்பியும் அந்தச் சூட்டுமுறைக்கு இசைந்ததாக இருக்க வேண்டும். டார்ச்சால் அந்த இடத்தை மட்டும் சூடாக்கினால் மென்மையான பகுதி இன்னும் விரிவடையும், வேறொன்றும் நடக்காது.

வெல்டிங் வரியின் நடுவே, அன்றைக்கே தெரியும் விரிசல்

இது களைப்பு இல்லை, உறையும்போது கிழிந்தது. 6061 போன்ற கலவைகளை நிரப்புக் கம்பி இல்லாமலோ மிகக் குறைவாகச் சேர்த்தோ உருக்கினால் இப்படி ஆகும். 4043 அல்லது 5356 கம்பியைப் போதுமான அளவு கொடுங்கள். வரி முடியும் இடத்தில் மின்வில்லைச் சட்டென்று எடுக்காமல் குழியை நிரப்பிவிட்டு எடுங்கள்; குழியில் விழும் நட்சத்திர விரிசல் பின்னாளில் களைப்பு விரிசலாக வளரும். 5356 கம்பி, 65 டிகிரிக்கு மேல் தொடர்ந்து சூடாக இருக்கும் இடத்துக்கு உகந்தது அல்ல. 7075, 2024 கலவைகளைச் சாதாரண மின்வில் வெல்டிங்கால் இணைக்க முயலவே வேண்டாம். கிழியாமல் வந்தாலும் நம்பத்தக்கதாக இருக்காது.

வரி பார்வைக்கு நன்றாக இருந்து, சில மாதங்கள் கழித்து அதன் நடுவே விரிசல் வந்தால் அடிவேரில் உலோகம் சேரவில்லை என்று சந்தேகியுங்கள். ஒரு துண்டை வெட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். அலுமினியத்தின் மேலுள்ள ஆக்சைடு படலம் 2000 டிகிரிக்கு மேல்தான் உருகும். தூய உலோகமோ 660 டிகிரியில் உருகிவிடுகிறது. முதலில் எண்ணெயைத் துடைத்துவிட்டு, அலுமினியத்துக்கென்றே வைத்திருக்கும் துருப்பிடிக்காத எஃகுத் தூரிகையால் தேய்க்க வேண்டும். வரிசையை மாற்றினால் எண்ணெயை உலோகத்துக்குள் தேய்த்து ஏற்றியதாகிவிடும். அதிலிருந்து வரும் ஹைட்ரஜன் வெல்டிங்கில் நுண்துளைகளாகத் தங்கும்.

போல்ட் அல்லது ரிவெட் துளையைச் சுற்றிக் கறுப்புத் தூள்

அந்தத் தூள் அழுக்கு இல்லை. இரண்டு தகடுகள் கண்ணுக்குத் தெரியாத அளவில் உரசி, பெயர்ந்த அலுமினியம் ஆக்சைடாக மாறி வெளியே வருகிறது. இணைப்பு தளர்ந்திருக்கிறது, நுண் உரசல் நடக்கிறது. உரசிய இடமே களைப்பு விரிசலின் பிறப்பிடம். பெரும்பாலும் அது வாஷருக்கு அடியிலோ, தகடுகள் ஒன்றையொன்று தொடும் மறைவான முகத்திலோ இருக்கும். கழற்றாமல் அதைப் பார்க்கவே முடியாது.

அகன்ற தகட்டில் உள்ள சிறு துளையின் விளிம்பில், உரசல் இல்லாவிட்டாலும், தகைவு ஏறக்குறைய மூன்று மடங்காகிறது. 1954-ல் இரண்டு கோமெட் ஜெட் விமானங்கள் வானிலேயே சிதறியபின், அதே வகை விமானம் ஒன்றின் உடற்பகுதியைப் பெரிய நீர்த்தொட்டிக்குள் வைத்து, அழுத்தத்தை ஏற்றி இறக்கிச் சோதித்தார்கள். பறந்த பயணங்களையும் சேர்த்து 3,057 சுற்றுகளில் அது கிழிந்தது. திறப்புகளின் மூலையருகே இருந்த இணைப்புத் துளைகள்தான் தொடக்கம் என்று கண்டார்கள். தகட்டின் வலிமை கணக்குப்படி போதுமானதாகவே இருந்தது. துளையின் விளிம்பு நிலவரம் வேறாக இருந்தது.

இணைப்பைக் கழற்றி, தூளைத் துடைத்து, துளையின் உட்சுவரைச் சாயத்தாலோ, விரிசலை மின்காந்தத்தால் உணரும் சுழல் மின்னோட்டக் கருவியாலோ பாருங்கள். விரிசல் இல்லை என்றால், சேதமான மேற்பரப்பை ரீமரால் சிறிது பெரிதாக்கி எடுத்துவிட்டு, விளிம்புப் பிசிறை நீக்கி, அடுத்த அளவு போல்ட்டைப் போடலாம். துளையின் மையம் தகட்டின் விளிம்பிலிருந்து குறைந்தது துளை விட்டத்தைப் போல் இரண்டு மடங்கு தள்ளி இருக்கிறதா என்பதையும் பாருங்கள். பிறகு டார்க் ரெஞ்ச் வைத்து, குறிப்பிட்ட அளவுக்கு முறுக்குங்கள். போல்ட் போதுமான இறுக்கத்தில் இருந்தால்தான் தகடுகள் உராய்வால் ஒன்றாக நின்று சுமையைக் கடத்தும். அலுமினியம் சூட்டில் எஃகைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரிவடைகிறது. சூடாகிக் குளிரும் இணைப்புகளில் எஃகு போல்ட் காலப்போக்கில் தளர்வதற்கு இதுவும் ஒரு காரணம். சில வாரங்கள் கழித்து இறுக்கத்தைக் கட்டாயம் மறுபடி பாருங்கள்.

முனையில் துளை போட்டு நிறுத்திய விரிசல் மீண்டும் கிளம்பியது

விரிசல் முனையில் துளையிடுவது நல்ல முதலுதவி. கூரான முனையை வட்டமாக்குவதால் வளர்ச்சி சிறிது காலம் தடைபடும். ஆனால் பெரும்பாலோர் கண்ணுக்குத் தெரியும் முனையில் துளை போடுகிறார்கள். உண்மையான முனை அதைத் தாண்டி இருக்கிறது. சாயம் பூசி முனையைக் கண்டுபிடித்து, அதற்குச் சற்று முன்னே துளையின் மையம் வரும்படி போட்டு, உட்சுவரை வழவழப்பாக்கி, மறுபடி சாயம் பூசுங்கள். சாயச் சோதனைக்கு முன் மணல் வீசிச் சுத்தம் செய்தால் மென்மையான அலுமினியம் நசுங்கி விரிசலின் வாயை மூடிவிடும், சோதனை பொய் சொல்லும்.

துளை சரியாக விழுந்தாலும் சுமை அப்படியேதான் இருக்கிறது. அதனால் மேலே ஒட்டுத்தகடு போடுவார்கள். இதில் கவனம் தவறினால் விளைவு எவ்வளவு பயங்கரம் என்பதற்கு ஜப்பான் ஏர்லைன்ஸ் 123 விமானம் சான்று. 1978-ல் வால் தரையில் மோதியபின், விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தத்தைப் பின்புறம் தாங்கும் அழுத்தத் தடுப்புச் சுவரைப் பழுதுபார்த்தபோது, ஒரே இணைப்புத் தகடாக வந்திருக்க வேண்டியதை இரண்டாக வெட்டிப் போட்டதால், ஓரிடத்தில் ஒற்றை வரிசை ரிவெட்டுகளே முழுச் சுமையையும் கடத்தின. ஏழு ஆண்டுகள் அது தாங்கியது. 1985 ஆகஸ்ட் 12 அன்று சுவர் கிழிந்தது; 520 பேர் இறந்தார்கள். ஒட்டுத்தகடு போடும் ஒவ்வொருவரும் சுமை எந்த ரிவெட்டின் வழியாக எங்கே போகிறது என்று காகிதத்தில் வரைந்து பார்த்தாக வேண்டும்.

கலவையை மாற்றினோம், தடிமனைக் கூட்டினோம். இன்னும் அதே இடத்தில் உடைகிறது

இந்த அறிகுறிக்கு மதிப்பு அதிகம். வலிமை சிக்கலே அல்ல என்பதை இது உறுதிப்படுத்துகிறது. மூன்று வாய்ப்புகளைப் பாருங்கள்.

பாகத்தின் மேல் வருவது சுமையா, இடப்பெயர்ச்சியா? இயந்திரம் இரண்டு மில்லிமீட்டர் அசைகிறது, பாகமும் அதோடு அசைந்தே ஆக வேண்டும் என்றால், தகட்டைத் தடிமனாக்குவது தகைவைக் கூட்டும். புயலில் நாணல் பிழைப்பதுபோல், அங்கே வளைந்துகொடுக்கும் பாகமே பிழைக்கும். மெல்லிய தகடோ ரப்பர் தாங்கியோ தேவைப்படுகிறது.

அடுத்தது அதிர்வு ஒத்திசைவு. எல்லா அலுமினியக் கலவைகளுக்கும் மீள்திறன் எண் (பொருளின் விறைப்பைச் சொல்லும் அளவு) ஏறக்குறைய 70 கிகாபாஸ்கல்தான், அடர்த்தியும் நீரைப்போல் 2.7 மடங்கை ஒட்டியே இருக்கிறது. 6061 போய் 7075 வந்தாலும் பாகம் அதிரும் இயல்பு அதிர்வெண் மாறுவதில்லை. மோட்டாரின் வேகம் அந்த அதிர்வெண்ணோடு பொருந்திவிட்டால், சிறு அசைவும் பல மடங்காகப் பெருகும். நொடிக்கு 50 அதிர்வு என்றால் மணிக்கு 1,80,000 சுற்றுகள். 50 கோடி சுற்றுகள் நான்கு மாதத்துக்குள் தீர்ந்துவிடும். பாகத்தை ரப்பர் சுத்தியலால் தட்டி, அதிர்வுமானியால் அதிர்வெண்ணை அளந்து, இயங்கும் வேகத்தோடு ஒப்பிடுங்கள். பொருந்தினால் தாங்கலைக் கூடுதலாகக் கொடுத்து அதிர்வெண்ணை உயர்த்துங்கள், அல்லது முனையில் தொங்கும் எடையைக் குறையுங்கள்.

மூன்றாவது, அந்த இடத்தின் வடிவம். கூர்மையான உள்மூலை, அழுத்திப் பொறித்த எண், அடையாளம் வைக்க இழுத்த எஃகு ஊசிக் கோடு. வலிமை கூடிய கலவைகள் இத்தகைய கீறல்களுக்குப் பொதுவாக இன்னும் அதிகமாக வருந்துகின்றன. மூலையை வளைவாக்குவது, கீறலை மெல்லிய உப்புத்தாளால் நீளவாக்கில் தேய்த்து அகற்றுவது, மேற்பரப்பை ஷாட் பீனிங்கால் (சிறு உருண்டைகளை வேகமாக வீசி அடிக்கும் முறை) அமுக்கநிலையில் வைப்பது ஆகியவை கலவை மாற்றத்தைவிட மலிவானவை, பயனுள்ளவை. கடின அனோடைசிங் (மின்வேதி முறையில் தடித்த ஆக்சைடு படலம் ஏற்றுவது) தேய்மானத்தைக் குறைத்தாலும் களைப்பு வலிமையைக் கணிசமாகக் குறைக்கிறது. அசையும் பாகத்துக்கு அதைச் செய்வதானால் முன்னதாக ஷாட் பீனிங் செய்யுங்கள். வார்ப்புப் பாகமானால் கீறலே இல்லாமலும் உள்ளிருக்கும் வாயுத்துளையிலிருந்து விரிசல் கிளம்பலாம்.

யாரும் அசைக்காதபோதே விரிசல்

கிடங்கில் இருந்த பாகம், அல்லது இறுக்கிப் பொருத்திய புஷ்ஷைச் (துளைக்குள் வைக்கும் உருளை உறை) சுற்றியுள்ள காது போன்ற நீட்சி, சுமை மாறாமலேயே பிளக்கிறது. இது தகைவு அரிப்பு விரிசல். நிலையான இழுவிசை, ஈரம், அதற்கு இடம் கொடுக்கும் கலவை மூன்றும் சேர வேண்டும். தடித்த 7075-டி6 இதில் பேர்போனது. தகட்டின் தடிமன் திசையில் இழுவிசை வந்தால் மிகவும் மோசம். இங்கே வலிமையைக் குறைப்பதுதான் மருந்து. டி73 என்ற நிலைக்கு மேலும் முதிர்வித்தால் 10 முதல் 15 சதவீதம் வலிமை போகும். இந்த நோய்க்கான எதிர்ப்போ பெருமளவு கூடும். புஷ் பொருத்தும் இறுக்கத்தையும் குறையுங்கள்.

5083, 5456 போல மக்னீசியம் 3 சதவீதத்துக்கு மேல் உள்ள கலவைகள் 65 டிகிரிக்கு மேல் நெடுநாள் இருந்தால், படிகத் துகள்களின் எல்லைகளில் மக்னீசியம் மிகுந்த சேர்மம் படிந்து, கடல்நீரில் அந்த எல்லைகள் கரையத் தொடங்கும். அமெரிக்கக் கடற்படையின் டைகான்டெரோகா வகைப் போர்க்கப்பல்களில் 5456 தகட்டு மேற்கட்டுமானங்கள் இப்படித்தான் விரிசல் விட்டன. இத்தகைய தகட்டில் விரிசல்மேல் வெல்டிங் போட்டால் பக்கத்திலேயே புதியது திறக்கும். நைட்ரிக் அமில எடையிழப்புச் சோதனையால் உறுதி செய்துகொண்டு, தகட்டையே மாற்றுங்கள்.

விரிசல் இல்லை, ஆனால் எளிதாக வளைந்துவிடுகிறது

இங்குதான் வலிமை உண்மையிலேயே சிக்கல். கடினத்தன்மையை அளந்தால் பாதி விடை கிடைக்கும். 6061-ன் பிரினெல் எண் மென்மையாக்கிய நிலையில் சுமார் 30, டி4-ல் 65, டி6-ல் 95. வெல்டிங்கிலிருந்து தள்ளித் தள்ளி அளந்துகொண்டே போனால் சூடுபட்ட பகுதி எங்கே முடிகிறது என்பது தெரிந்துவிடும். பாகம் முழுவதும் 65-ல் நின்றால், முதிர்விக்காத டி4 சரக்காக இருக்கலாம். அளவுக்கு மீறிச் சூடுபட்டு வலிமை இழந்த டி6 ஆகவும் இருக்கலாம். இரண்டையும் பிரிக்க மின்கடத்துதிறனை அளக்க வேண்டும். தரப்படுத்திய செம்பை 100 என்று வைத்தால் டி4 சுமார் 40, டி6 43, மென்மையாக்கியது 47. கடினம் குறைந்து கடத்துதிறன் 43-க்கு மேலே போயிருந்தால் சூடு தின்றிருக்கிறது.

வளைக்கும்போதே வெளிப்புறம் பிளந்தால் அது டி6 நிலையில் செய்யக் கூடாத கூரான வளைவு. டி4-ல் வளைத்துப் பிறகு முதிர்வியுங்கள். வளைவுக்கோடு உருட்டிய திசைக்குக் குறுக்கே வரட்டும்.

ஒரே வரிசையில் பல சிறு விரிசல்கள்

தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றும் அற்பமாகத் தெரியும். ஆனால் அடுத்தடுத்த துளைகளில் ஒரே நேரத்தில் விரிசல் தெரிகிறது என்றால் அந்த வரிசை முழுவதும் ஆயுளை முடித்துவிட்டது. 1988 ஏப்ரல் 28 அன்று அலோஹா ஏர்லைன்ஸ் 243 பறந்துகொண்டிருந்தபோது, போயிங் 737-ன் முன்பகுதிக் கூரை சுமார் 5.5 மீட்டர் நீளத்துக்குப் பிய்ந்து போனது. ஒரு பணிப்பெண் உயிரிழந்தார். அந்த விமானம் 89,680 முறை பறந்து இறங்கியிருந்தது. மேற்பொருந்தும் தகடுகளின் பசை விட்டு, ஈரம் புகுந்து, ரிவெட் வரிசையில் இருந்த சிறு விரிசல்கள் ஒன்றோடொன்று இணைந்ததுதான் காரணம்.

இப்படி ஒரு வரிசையைக் கண்டால் துளை போடுவதோ வெல்டிங் செய்வதோ வேண்டாம். பாகத்தை ஓய்வுபெறச் செய்யுங்கள். அதே நாளில் பொருத்தப்பட்டு அதே அளவு ஓடிய மற்றப் பாகங்களையும் இறக்கி, ஒவ்வொரு துளையையும் சோதியுங்கள்.